நண்பனின் பெயரைத் தாளில் எழுத வைக்காதீர்கள்

கல்லூரி மாணவர்கள் நடுவில் ஊழியம் செய்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், சபைகளில் வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களுக்கும், ஸ்தோத்திரம்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஞாயிறு பள்ளி, வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் முகாம் என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் வளர்ந்தேன். உங்களில் பலரைவிட வயதில் மூத்தவனாகவே இருப்பேன், இருந்தாலும் என் மாணவர்கள் உங்களைக் கூப்பிடுகிற முறையிலேயே நானும் கூப்பிட்டுக்கொள்கிறேன். நண்பர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேச நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பயிற்சியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு குழுவின் பழக்கமாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். பல ஊர்ப் பிள்ளைகள், பல சபைப் பிள்ளைகள், எல்லோரும் ஒரே மாதிரிப் பயிற்சியோடு வந்து நிற்பதைப் பார்த்த பிறகு பொதுவில் எழுதுவதுதான் சரி என்று பட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கடிதத்திலேயே ‘இவர் விசுவாசத்தில் வெதுவெதுப்பான ஆள்’ என்று மூடி வைத்துவிடுவீர்கள். நண்பர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தனக்கு உயிராக இருக்கிற ஒன்றைக் கூடவே படிக்கிறவனிடம் நான்கு வருடமும் சொல்லாமல் இருக்கிறவனை நல்ல நண்பன் என்று என்னால் சொல்ல முடியாது. பெரியாரைப் படிக்கிற பையன் அறை அறையாகப் போய் விவாதம் செய்கிறான், சபரிமலைக்கு மாலை போட்டவன் ‘அடுத்த வருஷம் நீயும் வாடா’ என்கிறான், நம் பிள்ளை மட்டும் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? பேசட்டும். என் சண்டையெல்லாம் நீங்கள் அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற விதத்தோடுதான்.

அந்தத் தாளில் இருந்தே தொடங்குகிறேன். முகாமின் இரண்டாம் நாள் இராத்திரி, பாட்டெல்லாம் முடிந்து எல்லோரும் உருகிப்போயிருக்கிற நேரத்தில், ஒரு தாளைக் கொடுத்து ‘இரட்சிக்கப்படாத, அதாவது இயேசுவை ஏற்றுக்கொள்ளாத, உன் நண்பர்கள் அஞ்சு பேர் பெயரை எழுது’ என்பீர்கள். அவர்களுக்காக ஜெபிக்கச் சொல்வீர்கள். ஜெபிப்பதில் எனக்கு என்ன மறுப்பு இருக்கப்போகிறது, என் பெயரையும் யாராவது எழுதி வைத்து ஜெபித்தால் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த மாதக் கூடுகையில் ‘அந்த அஞ்சு பேர் என்ன ஆனாங்க?’ என்று ஒரு கேள்வி வருகிறது பாருங்கள், அங்கேதான் கெட்டுப்போகிறது. ஒருவரையாவது கூட்டத்துக்கு அழைத்து வந்தவன் எழுந்து நின்று சாட்சி சொல்கிறான், கைதட்டு வாங்குகிறான். அழைத்து வராதவன் தலையைக் குனிந்துகொண்டு ‘எனக்குப் பாரம் பத்தல அண்ணா, ஜெபம் பண்ணுங்க’ என்கிறான். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளை அவன். அன்றையிலிருந்து அவன் ரூம்மேட் அவனுக்கு ரூம்மேட் இல்லை, முடிக்காமல் கிடக்கிற ஒரு வேலை.

இதன் விளைவு எப்படிப் போகும் என்று விடுதியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ரூம்மேட்டுக்கு மூன்று அரியர் விழுகிறது, காதலித்த பெண் விட்டுப் போகிறாள், ஊரிலிருந்து அப்பா இறந்த செய்தி வருகிறது. நம் பிள்ளைக்கு உடனே உங்கள் பயிற்சி ஞாபகத்துக்கு வருகிறது: உடைந்த இருதயம், திறந்த வாசல். பஸ் ஏற்றிவிடப் போகிறான், சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறான், இராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறான், எல்லாம் உண்மையான அன்போடுதான் செய்கிறான், ஆனால் எந்த இடத்தில் ‘நான் உனக்காக ஜெபிக்கட்டுமா’ என்று ஆரம்பிப்பது என்ற கணக்கும் கூடவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கு எதிராளிக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வந்து பேசுகிற இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ‘அவன் நல்லவன்தான் சார், ஆனா நான் அழுதுட்டு இருக்கும்போது அவன் எதுக்கோ காத்திருந்த மாதிரி இருந்துச்சு.’ இதைக் கேட்டுவிட்டு ‘விதை விழுந்திருக்கிறது’ என்று சொல்லித் தேற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை. ஊழியத்துக்கு வெளியே ஒருவர் இதே வேலையைச் செய்தால், துக்க வீட்டில் பாலிசி விற்கிறான் என்றுதான் சொல்வோம்.

அப்புறம் கிறிஸ்துமஸ் விழா. டிசம்பர் முதல் வாரத்தில் சுவரொட்டி ஒட்டுவார்கள்: பாட்டு, நாடகம், பிளம் கேக், பிரியாணி, அனைவரும் வருக. பிள்ளைகள் வருவார்கள், ஏன் வர மாட்டார்கள்? ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி குடிக்கப் போனவர்கள், பொங்கலுக்குக் கரும்பு கடித்தவர்கள், அதே மாதிரி நினைத்துத்தான் வருகிறார்கள். நாடகம் முடிந்ததும் விளக்கைக் குறைத்துவிட்டு, கீபோர்டு மெதுவாக வாசிக்க, எல்லோரும் கண்ணை மூடுங்கள், இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். சுவரொட்டியில் இது எங்கே இருந்தது? நற்செய்திக் கூட்டம் என்று போட்டால் ஆள் வராது என்பதுதான் காரணம் என்றால், ஆள் வராமலே நடக்கட்டும். ‘நற்செய்திக் கூட்டம், கேட்க விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள்’ என்று போடுவதில் நமக்கு என்ன வெட்கம்? இருட்டில் கை தூக்கிய பையனின் பெயரும் தொலைபேசி எண்ணும் மறுநாள் எந்தெந்தக் கைக்குப் போகிறது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தூக்கியவனிடம் அதற்கெல்லாம் யாரும் சம்மதம் கேட்டதில்லை.

இதே பிள்ளைகள்தான் ஆயுத பூஜை அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரியும் சுண்டலும் கொடுத்தால் பின்னாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவன் மனச்சாட்சி அது, பிரசாதம் வாங்க மாட்டேன் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை நீங்களே நடத்தியிருப்பீர்கள்: விசுவாசியாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு, இது சாமிக்குப் படைத்தது என்று யாராவது சொன்னால் அப்படிச் சொன்னவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்த்துக்கொள். அவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிற ஒரு விஷயத்தை ‘தொடாதே’ என்ற ஒற்றைச் சொல்லாக ஆக்கிக் கொடுத்துவிட்டோம். சரி, வேண்டாம் என்று சொல்வதையாவது முகத்தைப் பார்த்து, சிரித்து, ‘எங்க வழக்கத்துல சாப்பிட மாட்டோம்டா, தப்பா எடுத்துக்காத’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தீர்களா? வாங்கிப் போய் மாடிப்படிக்குக் கீழே குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். கொடுத்தவன் பார்த்துவிடுகிறான். அதற்கப்புறம் இவன் கொடுக்கிற கைப்பிரதியை அவன் எந்த முகத்தோடு வாங்குவான்?

பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயிற்சியில் நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு வசனமும் ஒரு படமும் கொடுக்கிறீர்கள். நண்பன் என்ன நம்புகிறான் என்பதைப் பற்றி என்ன கொடுக்கிறீர்கள்? முஸ்லிம் நண்பனிடம் போய் ‘இயேசு யாருன்னு தெரியுமா’ என்று ஆரம்பிக்கிறான். அவனுக்கு ஈசா நபியைத் தெரியும், அவர் தகப்பன் இல்லாமல் மர்யமிடம் பிறந்ததைக் குர்ஆனில் படித்திருக்கிறான், மர்யம் பெயரிலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது. சிலுவையில் அவர் கொல்லப்படவில்லை என்பதும், கடவுளுக்குக் குமாரன் என்ற பேச்சே ஆகாது என்பதும்தான் அவனுடைய இடம். உண்மையான பேச்சு அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும், இரண்டு பேரும் மூச்சுமுட்ட யோசிக்க வேண்டிய பேச்சு அது. நம் பிள்ளையோ அந்த இடம் வருவதற்குள் மனப்பாடம் செய்தது தீர்ந்துபோய் வந்துவிடுகிறான்.

இந்து நண்பனிடம் வேறு கதை. ‘எல்லாச் சாமியும் ஒண்ணுதான்டா’ என்பான். அவன் வீட்டுப் பூஜை அறையில் வேளாங்கண்ணி மாதா படம் இருந்தாலும் இருக்கும், அவன் அம்மா மொட்டை போட வேண்டிக்கொண்டு அங்கே போயிருப்பார். அதை ஒரு மறுப்பு என்று எடுத்துக்கொண்டு உடனே பதில் வசனத்தை எடுத்து வீசாமல், ‘உங்க வீட்ல யாரைக் கும்பிடுவீங்க, ஏன்’ என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் பேசுவான். பாட்டி வருடா வருடம் பொங்கல் வைக்கிற சுடலைமாடனைப் பற்றிச் சொல்வான். அந்த நேரத்தில் நம் பிள்ளை மனதுக்குள் ‘பிசாசு’ என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது முகத்தில் தெரியும். (நெல்லைச் சீமைக்காரர்கள் நாம் இதில் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். நம் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா அதே சுடலைமாடனுக்குக் கிடா வெட்டியவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.)

ஏளனம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சொந்த நிறுவனங்களிலேயே சாட்சி இருக்கிறது. தத்துவ அறிஞரும் பின்னாளில் குடியரசுத் தலைவருமான ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர். இந்து சமயத்தைப் பற்றி மிஷனரிகள் வைத்த விமர்சனம்தான் தன்னை வேதாந்தத்துக்குள் போய்த் தேட வைத்தது என்று அவரே பின்னால் எழுதினார். அந்த நல்ல காரியத்துக்கு நாம் காரணமானோம் என்று வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்! எதிர்ப்பக்கத்துக்கும் ஒருவரைச் சொல்கிறேன். கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1853இல் சாயர்புரத்தில் மிஷன் பள்ளித் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது ஊறிப்போன வைணவர். 1858இல்தான் ஞானஸ்நானம் பெற்றார். நடுவில் இருந்தது படிப்பும், யோசனையும், தனக்கு முன்னால் மாறியிருந்த நெருங்கியவர்களோடு பேச்சும். வந்த பிறகும் கம்பனை விட்டுவிட்டு வரவில்லை, அந்த நடையிலேயே இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியத்தைப் பாடினார். அவரை ஒரு முகாமின் இரண்டாம் நாள் இராத்திரி கை தூக்க வைத்திருந்தால் அந்த நூல் வந்திருக்குமா?

சட்டத்தைப் பற்றியும் நம் கூட்டங்களில் அரைகுறையாகவே பேசுகிறோம். ‘அரசியல் சட்டம் 25ஆம் பிரிவு நமக்கு உரிமை கொடுத்திருக்கு’ என்று மேடையில் சொல்வீர்கள். கொடுத்திருக்கிறது, நமக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதத்தைப் பரப்பும் உரிமை வேண்டாம் என்று சிலர் எதிர்த்தபோது ஆதரித்துப் பேசியவர்களில் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, தான் ஏறக்குறைய 14 வருடம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்பது. அதாவது இன்றைக்கு நாம் பிடித்துக்கொண்டு நிற்கிற உரிமைக்காகப் பேசிய ஒரு இந்து, நம் வாத்தியார்கள் தன்னை நெருக்காமல் விட்டதை வைத்துப் பேசினார். 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் மதக் கொள்கையை விளக்கிச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நமக்கு வருத்தம் இருக்கலாம், ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இப்போது இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் வேலைக்கும் மேற்படிப்புக்கும் வடக்கே போகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் மதம் மாறப்போகிறவர் 60 நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும், 2024இல் தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள். இங்கே விடுதியில் செய்ததை அங்கே போய் அப்படியே செய்தால் மாட்டிக்கொள்வது அவன்தான், நீங்கள் இல்லை.

இதைவிட எனக்கு அதிகமாகக் கோபம் வருகிற இடம் ஞானஸ்நானம். ஒரு தலித் மாணவன் மூன்றாம் ஆண்டில் விசுவாசத்துக்கு வருகிறான் என்று வையுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி. எஸ்.சி. சான்றிதழில் சேர்ந்தவன். ‘எப்ப தண்ணிக்குள்ள இறங்கப் போற’ என்று வாரா வாரம் கேட்கிறீர்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது என்பதை யாராவது அவனிடம் உட்கார்ந்து சொல்கிறீர்களா? சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவன் பி.சி. பட்டியலுக்குப் போய்விடுவான், வேலைக்கான இட ஒதுக்கீட்டுக் கணக்கு மாறும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகும். ‘சான்றிதழ்ல இந்துன்னே இருக்கட்டும், மனசுல இயேசு இருந்தா போதும்’ என்று சில அண்ணன்மார் சமாதானம் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கு ஒன்றில், நடைமுறையில் கிறிஸ்தவராக இருந்துகொண்டு சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்கிற மோசடி என்று சொல்லிவிட்டது. அந்த ஆணையே அநியாயம் என்பது என் கருத்து. சபைகள் பல வருடமாக அதை எதிர்த்துக் கேட்டுக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் அநியாயமான சட்டத்தின் விலையை யார் கட்டுவது என்பதை அந்தப் பையன் தெரிந்துகொண்டு, யோசித்து, தானே தீர்மானிக்க வேண்டும். சிலுவையைச் சுமக்கச் சொல்கிறவர்கள் அதன் எடையையும் சொல்ல வேண்டும். உங்கள் மாதாந்தர அறிக்கையில் ஒரு எண்ணிக்கை கூடுவதற்காக அவனை அவசரப்படுத்தாதீர்கள்.

சாதிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். கல்லூரியில் நம் பிள்ளைகளை மடக்குகிற கேள்வி திரித்துவமோ உயிர்த்தெழுதலோ இல்லை. ‘உங்க சபையில சாதி இல்லையா?’ என்பதுதான். அம்பேத்கரைப் படிக்கிற பையன் கேட்பான், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த சுவரைப் பற்றிக் கேட்பான், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ‘கிறிஸ்தவ நாடார் மணமகன் தேவை’ என்று வருவதைக் காட்டிக் கேட்பான். நம் பிள்ளை ‘அது மனுஷங்க தப்பு, இயேசுவைப் பாருங்க’ என்று மனப்பாடமாகச் சொல்வான். கேட்டவன் சிரிப்பான். ‘ஆமா, இருக்கு, எங்க வீட்டிலேயே இருக்கு, எனக்கு வெட்கமா இருக்கு’ என்று ஒரு பிள்ளை பதில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு அந்தப் பேச்சு மெஸ் மூடுகிற வரைக்கும் போனது. அந்தப் பதிலை உங்கள் பயிற்சிப் புத்தகம் கொடுக்கவில்லை.

இன்னொன்று, சுருக்கமாக. ஆசிரியர்களாக இருக்கிற விசுவாசிகள் வகுப்பில் தங்களிடம் இன்டர்னல் மார்க் வாங்குகிற மாணவனை ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிடவே கூடாது. அவனால் ‘வரல’ என்று சொல்ல முடியாது. விடுதிக் காப்பாளருக்கும் இது பொருந்தும். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். முகாமில் அந்தத் தாளை நிறுத்துங்கள், எண்ணிக்கை கேட்பதை நிறுத்துங்கள். முதலாண்டிலேயே நண்பர்களிடம் ‘நான் கிறிஸ்தவன், இதை நம்புறேன், இதைப் பத்தி உன்கிட்ட பேச ஆசை, பிடிக்கலைன்னா சொல்லு, நிறுத்திடறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்லக் கற்றுக்கொடுங்கள், அவன் நிறுத்து என்றால் நிறுத்தவும் கற்றுக்கொடுங்கள், நிறுத்திய பிறகும் அதே அறையில் அதே மாதிரி இருக்கவும். நம்மிடம் இருக்கிற நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத் தயாராயிருங்கள் என்று பேதுரு எழுதியதை நாம் எத்தனை சுவரில் மாட்டியிருக்கிறோம். கேட்கிற அளவுக்கு நம் பிள்ளை வாழ்ந்தால் கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இராத்திரி ஒரு மணிக்குக் கேட்காத கேள்வியே கிடையாது. நண்பன் தன் பக்கத்தைச் சொல்லும்போது உட்கார்ந்து கேட்கிற பொறுமையும், ‘எனக்குத் தெரியல’ என்கிற தைரியமும் இருந்தால், மிச்சத்தை ஆவியானவர் பார்த்துக்கொள்வார் என்றுதானே நாம் நம்புகிறோம்?

அடுத்த பயிற்சி முகாமில் ஒரு அமர்வை மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கும் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் விட்டுக்கொடுங்கள். அவர்களை மேடையில் உட்கார வைத்து, கிறிஸ்தவ நண்பர்கள் தங்களிடம் பேசியதில் எது பிடித்தது, எது காயப்படுத்தியது என்று சொல்லச் சொல்லுங்கள். யாரும் எழுந்து பதில் வசனம் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. முதல் தடவை ஆள் கிடைக்காவிட்டால் என் சக ஆசிரியர் ஒருவரை நானே கூட்டி வருகிறேன். அவர் முருக பக்தர், தன் கல்லூரிக் காலத்தில் தன்னை இரட்சிக்க முயன்றவர்களைப் பற்றி அவரிடம் ஏகப்பட்ட கதை இருக்கிறது, நல்லதும் கெட்டதுமாக, அதில் ஒருவர் இன்றைக்கும் அவருக்கு நெருங்கிய நண்பர். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எங்கள் இரண்டு பேருக்குமே வகுப்பில்லை. கார்த்திகை விரத நாளாகப் பார்த்து மட்டும் வைத்துவிடாதீர்கள், முகாம் பிரியாணியைத்தான் முதலில் விசாரித்தார்.